மாடியில் நான்கு மரப்பெட்டிகள்

லிங்கராஜபுரம், பெங்களூர்
8 ஜனவரி 1995

நோரா அப்பாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். நானும் நோராவும் சுகம். நீங்கள் கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய அட்டை ஜனவரி நாலாம் தேதிதான் வந்து சேர்ந்தது. ஒட்டகப் படம் பெரிதாக இருந்தது. உள்ளே ஒரு வரியும் உங்கள் கையெழுத்தும். வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். வேறு என்ன நினைப்பது?

வெள்ளிக்கிழமை போனில் எதுவும் பேச முடிவதில்லை. மூன்று நிமிடமும் கோமளம்மா பக்கத்திலேயே நின்று டெலிபோன் துணியைச் சரிசெய்துகொண்டிருக்கிறார். வீட்டுக்காரம்மாவை வெளியே போகச் சொல்ல முடியுமா? அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மாடியில் தோட்டம் போட்டிருக்கிறேன். போன மழையில் கோமளம்மா வீட்டுச் சுவரில் ஈரம் இறங்கியதற்கு என்னுடைய மண்தொட்டிகள்தான் காரணமாம். "தரையோட ஒட்டி எதையும் வெக்காதேம்மா. தூக்கி வெச்சா வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பாடகர் குழுவில் இதைச் சொல்லிப் புலம்பினேன். கிளிஃபர்ட் கேட்டுக்கொண்டிருந்தார். உங்களுக்கு அவரைத் தெரியாது, நீங்கள் ஷார்ஜா போன பிறகு குழுவில் சேர்ந்தவர். ஒரு ஃபேக்டரியில் ஸ்டோர்ஸில் வேலை. நம் தெருக்கோடியில் அம்மாவோடு இருக்கிறார். "மெஷின் வர்ற மரப்பெட்டியெல்லாம் விறகுக்குத்தான் போகுது. பிரிச்சு எடுத்துட்டு வரட்டுமா?" என்றார்.

இப்போது மாடியில் நாலு மரப்பெட்டி நிற்கிறது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், அடியில் நாலு கால். இரண்டில் வெள்ளைப் பட்டன் ரோஜா வைத்தேன். ஒன்றில் கனகாம்பரம், ஒன்றில் புதினா. காலையில் காப்பியை எடுத்துக்கொண்டு அங்கேதான் நிற்கிறேன்.

நீங்கள் மரம் அறிந்தவர். தினமும் தண்ணீர் ஊற்றினால் பைன் பலகை எத்தனை நாள் தாங்கும்? உள்ளே ஏதாவது அடிக்க வேண்டுமா? எழுதுங்கள். ஒரு வரிக்கு மேலே எழுதுங்கள்.

உங்கள் ஐரின்


ஷார்ஜா
20 ஜனவரி 1995

ஐரின்,

கடிதம் நேற்று கிடைத்தது. அட்டையைப் பற்றிக் குத்தி எழுதியிருந்தாய். இங்கே ஒரு பெரிய வீட்டுக்கு நாற்பத்திரண்டு கதவு செய்துகொண்டிருக்கிறோம். ஃபோர்மேன் என்று பெயர்தான். இழைப்புளியை நான்தான் தள்ளுகிறேன். அறைக்கு வந்தால் பேனாவைப் பிடிக்க விரல் மடங்குவதில்லை.

பெட்டிகளைப் பற்றி. மூலையில் ஆணி அடித்தானா, ஸ்க்ரூ போட்டானா? ஆணி என்றால் இரண்டாவது மழையில் துருப்பிடித்துப் பிடியை விட்டுவிடும். அடிப்பலகையில் ஓட்டை போட்டானா? பலகைக்குப் பலகை நூல் அளவு இடைவெளி விட்டானா? ஈரம் பட்டால் மரம் ஊதும் என்று ஸ்டோர்ஸ் ஆளுக்கு எங்கே தெரியப்போகிறது. பெட்டியை இறக்கி வைப்பதும் பெட்டி செய்வதும் ஒன்றா?

நாலு பெட்டி செய்ய எனக்கு அரை நாள் போதும். அவனுக்கு எத்தனை நாள் ஆனது? எந்த நேரத்தில் வந்தான்? நோரா வீட்டில் இருந்தாளா? சாப்பாடு போட்டாயா? உன்னை என்னவென்று கூப்பிடுகிறான்? கல்யாணம் ஆனவனா? அதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறாய்.

ஊரில் எல்லார் வீட்டுக் கதவையும் நான் செய்கிறேன். என் வீட்டுக்கு எவனோ வந்து பெட்டி அடிக்கிறான். இதைப் படிக்க எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது.

நம் சாப்பாட்டு மேசையின் கால் ஆடுகிறது அல்லவா, அதை அவன் தொட வேண்டாம். டிசம்பரில் லீவுக்கு வந்து நானே பார்த்துக்கொள்கிறேன். உள்ளே என்ன அடிப்பது என்று யோசித்து எழுதுகிறேன். நோராவுக்கு முத்தம்.

ஆம்ப்ரோஸ்


லிங்கராஜபுரம்
1 பிப்ரவரி 1995

நோரா அப்பாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். உங்கள் கடிதத்தில் பத்து கேள்விகள். போலீஸ் ஸ்டேஷனில்கூட இத்தனை கேட்கமாட்டார்கள். ஆனாலும் இரண்டு பக்கம் எழுதிவிட்டீர்கள். ஒரு பெட்டிக்கு இவ்வளவு சக்தி இருக்கும் என்று தெரிந்திருந்தால் போன வருஷமே செய்திருப்பேன்.

பதில் எழுதுகிறேன். ஸ்க்ரூதான். ஓட்டை இருக்கிறது, கம்பியைக் காய்ச்சிப் போட்டார். இடைவெளி விட்டிருக்கிறார். மூன்று சனிக்கிழமை ஆனது, ஏனென்றால் அவருக்கு உங்கள் கை வேகம் கிடையாது, இரண்டு தரம் அளந்துதான் அறுக்கிறார். மத்தியானம் வந்தார். நோரா பலகையில் உட்கார்ந்து ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்தாள். அங்கிள் அங்கிள் என்று வாலைப் பிடித்தபடி சுற்றினாள். சாப்பாடு போட்டேன். மூன்று மணி நேரம் வெயிலில் வேலை செய்கிற மனுஷரைப் பட்டினியாகவா அனுப்புவது? கல்யாணம் ஆகவில்லை. என்னை ஐரின் என்று கூப்பிடுகிறார். என் பெயர் அதுதானே. இந்த வீட்டில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிறது.

மேசைக் காலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது போன வாரமே ஆடாமல் நின்றுவிட்டது.

இன்னொன்றும் சொல்கிறேன். கால் வைப்பதற்கு முன்னால் அவர் கேட்டார்: "குனிஞ்சா உங்களுக்கு இடுப்பு வலிக்குமா ஐரின்? எவ்ளோ உயரம் இருந்தா சௌரியம்?" நம் அடுப்பு மேடை எனக்கு உயரம், உங்களுக்கே தெரியும், ஆறு வருஷமாக ஸ்டூல் போட்டு ஏறித்தான் குழம்பு கிளறுகிறேன். யாரும் என்னிடம் உயரம் கேட்டது கிடையாது. தண்ணீர் ஊற்றுவதுபோல் கையை நீட்டிக் காட்டச் சொன்னார். கை வந்த இடத்தில் மாடிச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். அந்த உயரத்துக்குத்தான் பெட்டி நிற்கிறது. அவர் தலைமுடியெல்லாம் மரத்தூள். கோமளம்மா மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, "சன்னாகிதே" என்று கன்னடத்தில் பாராட்டிவிட்டுப் போனார். அவர் வாயிலிருந்து அப்படி வருவது லேசில்லை.

உள்ளே என்ன அடிப்பது என்று நீங்கள் இன்னும் எழுதவில்லை.

உங்கள் ஐரின்


லிங்கராஜபுரம்
11 பிப்ரவரி 1995

நோரா அப்பாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். உங்கள் பதில் வருவதற்கு முன்னால் இந்தச் சின்னக் கடிதம், ஏனென்றால் சந்தோஷம் தாங்கவில்லை. நோரா முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை ஏப்ரல் முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை என்று சாமியார் சொல்லிவிட்டார். மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் கடையில் துணிப்பூக் கிரீடம் வாங்குகிறார்கள். நோரா கேட்கவில்லை. "நம்ம பெட்டி ரோஜாவுலதான் எனக்குக் கிரீடம்" என்கிறாள். வெள்ளை ரோஜா இரண்டு பெட்டியும் அதற்கென்றே விட்டாகிவிட்டது. மார்ச் நடுவில் நறுக்கிவிட்டால் ஏப்ரல் கடைசியில் பூக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். நீங்கள் இல்லாத நாளில் உங்கள் பெண் தலையில் வீட்டுப் பூவாவது இருக்கட்டும்.

கீழே அவளே எழுதுகிறாள்.

அப்பா, என் கிரீடப் பெட்டிக்கு நான்தான் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். ஒரு நாளும் மறக்கவில்லை. நோரா.

உங்கள் ஐரின்


ஷார்ஜா
12 பிப்ரவரி 1995

ஐரின்,

ஒன்றாம் தேதி எழுதிய கடிதம் நேற்று வந்தது. மூன்று தரம் படித்தேன்.

மேசைக் காலைத் தொட வேண்டாம் என்று எழுதினேன். அந்தக் கடிதம் வருவதற்கு முன்பே அவன் சரிசெய்துவிட்டான் என்று எழுதுகிறாய். அதை எழுதும்போது உனக்கு என்ன ஒரு திருப்தி. இந்த அறையில் ஆறு பேர். எல்லாரும் வீட்டுக் கடிதத்தைச் சத்தமாகப் படித்துச் சிரிப்பார்கள். நான் என்னுடையதைக் கழிவறையில் நின்று படித்தேன்.

சுவரில் அந்தப் பென்சில் கோட்டை அழித்துவிடு. சுண்ணாம்பு வாங்கி ஒரு பூச்சுப் பூசிவிடு. உன் இடுப்பு உயரத்தை எவனும் என் வீட்டுச் சுவரில் குறித்து வைக்க வேண்டாம்.

பெட்டிக்கு உள்ளே என்ன அடிப்பது என்று கேட்டாய். மரக்கடையில் கறுப்புத் தார் எண்ணெய் கேள். வேலிக் கம்பத்துக்கு அடிப்பது, தகர டப்பாவில் வரும். செடிகளை மண்ணோடு எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பெட்டியின் உள்பக்கம் இரண்டு கைப் பூச்சு அடித்துவிடு. ஒரு நாள் காய்ந்ததும் திருப்பி வை. மரம் பத்து வருஷம் உளுக்காது. அவன் ஏதாவது சொன்னால், இருபது வருஷம் மரத்தில் வேலை செய்தவர் சொன்னார் என்று சொல்.

ஆம்ப்ரோஸ்


லிங்கராஜபுரம்
26 பிப்ரவரி 1995

நோரா அப்பாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். உங்கள் கடிதத்தின் முதல் பாதியைப் படித்துக் கோபம் வந்தது. இரண்டாவது பாதியைப் படித்ததும் அது போய்விட்டது. அவ்வளவு மனக்கசப்பிலும் என்ன எண்ணெய், எத்தனை கை, எத்தனை நாள் என்று ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறீர்களே. கழிவறையில் நின்று படித்ததை நினைத்து அழுதேன். அப்படிக் குத்தி எழுதியிருக்கக் கூடாது.

நேற்று சனிக்கிழமை நானே தார் எண்ணெய் வாங்கி வந்து அடித்தேன். ஒரு டப்பா மூன்று பெட்டிக்குத்தான் வந்தது. புதினாப் பெட்டியை விட்டுவிட்டேன். கிரீட ரோஜா இரண்டுக்கும் முதலில் அடித்தேன், நோரா பிடிவாதம். கைக் கறுப்பு மண்ணெண்ணெய் போட்டும் போகவில்லை.

நான் அடித்துக்கொண்டிருக்கும்போது கிளிஃபர்ட் வந்தார். நாற்றம் தெருவரைக்கும் போயிருக்கிறது. "ஐரின், இது வேண்டாம். இது செடிக்கு ஆகாது" என்றார். நான் நிமிர்ந்து பார்த்துச் சொன்னேன்: "என் வீட்டுக்காரர் ஷார்ஜாவுல மரவேலை ஃபோர்மேன். அவருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?" அவர் முகம் சுண்டிப்போனது. இறங்கிப் போய்விட்டார். இன்று பூசையிலும் என் பக்கம் திரும்பவில்லை. போகட்டும். உங்களுக்காகப் பேசினேன் என்பது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை போனில் நீங்கள் ஒரு மாதிரி இருந்தீர்கள். என்னமோ சொல்ல வந்தீர்கள், பிறகு "அவன் வந்தானா?" என்று கேட்டீர்கள். அத்தோடு மூன்று நிமிடம் முடிந்துவிட்டது. என் கிரீடக் கடிதம் வந்ததா?

உங்கள் ஐரின்


லிங்கராஜபுரம்
15 மார்ச் 1995

ஆம்ப்ரோஸ்,

ரோஜா செத்துவிட்டது. இரண்டு பெட்டியும். முதலில் இலை ஓரம் கருகியது. வெயில் என்று நினைத்துச் சாக்கு கட்டினேன். பிறகு தண்டு கறுத்தது. நேற்று பிடுங்கிப் பார்த்தேன், வேர் தீயில் வாட்டினதுபோல் இருக்கிறது. கனகாம்பரமும் போய்விட்டது. எண்ணெய் அடிக்காத புதினா மட்டும் தளதளவென்று நிற்கிறது.

உங்களுக்குச் செடியைப் பற்றித் தெரியாது, தெரியாமல் எழுதிவிட்டீர்கள் என்று ஒரு நாள் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ராத்திரி மர்ஃபி டவுன் வீட்டு வேலி ஞாபகம் வந்தது. கல்யாணமான வருஷம். வேலிக் கம்பத்துக்கு நீங்கள் இதே எண்ணெய் அடித்தீர்கள். நான் முல்லைக்கொடியை அந்தக் கம்பத்தடியில் நடப் போனேன். "ரெண்டடி தள்ளி வை, வேர் கருகிடும்" என்று கத்தினீர்கள். கத்தியதோடு நிற்காமல் நீங்களே வந்து தள்ளி நட்டுக் கொடுத்தீர்கள்.

உங்களுக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும்.

இரண்டு வெள்ளிக்கிழமையாக உங்கள் போனும் வரவில்லை. ஏன் என்று இப்போது புரிகிறது.

ஐரின்


ஷார்ஜா
17 மார்ச் 1995

ஐரின்,

நீ நன்றி சொல்லி எழுதிய கடிதம் எட்டாம் தேதி வந்தது. ஒன்பது நாளாக என் துணிப்பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து எதுவும் வரவில்லை. செடி என்ன ஆனது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை.

எனக்குப் பொறாமை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்கிறேன். கதவுக்கு அளவு எடுக்கும்போதெல்லாம் அந்தப் பென்சில் கோடுதான் கண்ணில் நிற்கிறது. உனக்கு எந்த உயரம் சௌகரியம் என்று எனக்குத் தெரியாது. எவனோ ஒருவனுக்குத் தெரியும். அந்த வயிற்றெரிச்சலில்தான் அந்தக் கடிதத்தை எழுதினேன்.

தார் எண்ணெய் வேரைக் கருக்கும். எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன். அவன் பெட்டியில் வைத்த எதுவும் பிழைக்கக் கூடாது. செடி செத்தால் அவன் கொண்டுவந்த பலகைதான் கெட்ட பலகை என்று நீ நினைப்பாய், அவனும் வருவதை நிறுத்துவான் என்று கணக்குப் போட்டேன். அவன் தடுத்தும் நீ எனக்காகப் பேசினாய் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை என்னால் முழுதாகப் படிக்க முடியவில்லை.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. கிரீடக் கடிதம் பிப்ரவரி இருபத்துமூன்றாம் தேதியே எனக்கு வந்துவிட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை. நோரா எழுதிய வரி சட்டைப் பையில் இருக்க, போன் பூத்தில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்றேன். எண்ணெய் அடிக்காதே. இரண்டு சொல். சொன்னால் ஏன் என்று கேட்பாய், நான் என்ன செய்தேன் என்று தெரிந்துவிடும். அதற்கு என் நாக்கு எழவில்லை. அவன் வந்தானா என்று கேட்டேன். நீ மறுநாள்தான் அடித்திருக்கிறாய். தடுக்க எனக்கு ஒரு முழு நாள் இருந்தது.

அதற்குப் பிறகு உன் குரலைக் கேட்கப் பயந்துதான் போன் செய்யவில்லை. ஏதாவது ஒரு தண்டாவது பச்சையாக இருந்தால் வேரை நன்றாகக் கழுவி மண்தொட்டியில் வை. அந்தப் பெட்டிகளில் இனி எதையும் நடாதே. அடுப்பிலும் எரிக்காதே, புகை கெடுதல்.

இதை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. நீ எனக்கு நன்றி சொன்னதை என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை.

ஆம்ப்ரோஸ்


லிங்கராஜபுரம்
1 ஏப்ரல் 1995

நோரா அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் 28ஆம் தேதி வந்தது. முதலில் தேதியைத்தான் பார்த்தேன். பிறகு தபால் முத்திரையைப் பார்த்தேன். மை மங்கலாக இருந்ததால் கோமளம்மாவின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். 17 என்றுதான் இருக்கிறது. 15ஆம் தேதி நான் போட்ட கடிதம் அதற்குள் உங்களுக்குக் கிடைத்திருக்க முடியாது. பிடிபடுவதற்கு முன்னால் சொல்லியிருக்கிறீர்கள். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். மேசைக் கால், மரத்தூள், ஐரின் என்று கூப்பிட்டது, இதெல்லாம் உங்களுக்கு எரியட்டும் என்றுதான் எழுதினேன். ஒரு வரி அட்டைக்குப் பதிலாகத் தேடித் தேடி எழுதினேன். எரிந்தது, இரண்டு பக்கம் வந்தது, எனக்கு இனித்தது. அது என் தப்பு. ஆனால் கிளிஃபர்ட் உயரம் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்ததே, அது உங்களைச் சீண்டுவதற்காகச் சொன்னதில்லை. நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அதற்கு மேல் அங்கே ஒன்றுமில்லை. அதுவே உங்களுக்கு அதிகம் என்றால் நான் என்ன செய்ய?

இப்போது நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நோராவிடம் வெயிலில் செடி போய்விட்டது என்று சொல்லியிருந்தேன். அவள் நம்பவில்லை. முதல் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லப் பிள்ளைகள் பாவங்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். அவள் ஜெபப்புத்தகத்தில் அந்தத் தாளைப் பார்த்துவிட்டேன். முதல் பாவம், அம்மாவிடம் எதிர்த்துப் பேசினேன். இரண்டாவது, பக்கத்து வீட்டு மீனாவின் ரப்பரை எடுத்தேன். மூன்றாவது, அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றி என் கிரீட ரோஜாவைக் கொன்றேன்.

அதைப் படித்துவிட்டு மாடிக்குப் போய் உங்களைத் திட்டினேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன்.

பாவசங்கீர்த்தனம் 28ஆம் தேதி வெள்ளிக்கிழமை. உங்கள் பாவத்தைத் தூக்கிக்கொண்டு என் பெண் அந்தக் கூண்டு முன்னால் மண்டி போடக் கூடாது. அதற்குள் அவளுக்கு நீங்கள் எழுத வேண்டும். கிளிஃபர்ட்டுக்கும் எழுத வேண்டும். நான் சொல்லமாட்டேன், நான் ஏற்கெனவே ஒரு தரம் உங்களுக்காக அவரிடம் பேசிவிட்டேன். போனில் வேண்டாம். போனில் உங்களுக்குச் சொல்ல வராது.

ஐரின்


ஷார்ஜா
12 ஏப்ரல் 1995

ஐரின்,

உன் இரண்டு கடிதங்களும் கையில் இருக்கின்றன. மர்ஃபி டவுன் வேலி எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்த முல்லை நன்றாக வந்தது.

நாளை காலை பெங்களூர் போகிற ஒருவரிடம் இந்த உறையைக் கொடுத்தனுப்புகிறேன். தபாலை நம்பவில்லை. உள்ளே இரண்டு கடிதம். நோராவுக்கு எழுதியதை அவளே படிக்கட்டும், நீ பக்கத்தில் உட்கார வேண்டாம். எளிதாகத்தான் எழுதியிருக்கிறேன்: செடியைக் கொன்றது தண்ணீர் இல்லை, அப்பா கோபத்தில் சொன்ன பொய். கிளிஃபர்ட்டுக்கு எழுதிய கடிதத்தை ஒட்டவில்லை. நீ படித்தாலும் சரி. ஐந்து தாள் கிழித்தேன். அவன் இவன் என்று உன்னிடம் எழுதிப் பழகிவிட்டு, அவருக்கு நேராக எழுதும்போது கை நின்று நின்று போனது. அவர் செய்த பெட்டியில் குறை எதுவும் இல்லை என்றும், ஸ்க்ரூ போட்டது சரி, இடைவெளி விட்டது சரி என்றும் எழுதியிருக்கிறேன். அதை எழுதத்தான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். இருக்கிறது. இன்று காலைகூட இருந்தது.

ஒன்று கேட்கிறேன். அடுப்பு மேடை உனக்கு எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? மாடியில் பெட்டி எவ்வளவு உயரம்? அங்குலத்தில் எழுது. ஷார்ஜா வரும் வரைக்கும் நீ ஸ்டூலில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு அந்த மேடையின் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டிருக்கிறேன்.

ஆம்ப்ரோஸ்


லிங்கராஜபுரம்
1 மே 1995

நோரா அப்பாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். நேற்று புதுநன்மை நல்லபடியாக முடிந்தது. கிரீடம் ரோஜா இல்லை. கோமளம்மா கீழ்வீட்டுக் குண்டுமல்லியை இரண்டு நாளாக யாரையும் பறிக்கவிடாமல் காவல் காத்து, மொக்காகக் கொடுத்தார். நான் கட்டினேன். பூசை முடிவதற்குள் நோரா தலையில் அத்தனையும் விரிந்துவிட்டது. போட்டோ கழுவி வந்ததும் அனுப்புகிறேன்.

உங்கள் கடிதத்தை அவள் மாடியில் புதினாப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். இறங்கி வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அப்பா இதைச் சாமியார்கிட்ட சொல்லிட்டாரா, இல்ல நம்மகிட்ட மட்டும்தானா?" எனக்குத் தெரியாது, நீயே எழுதிக் கேள் என்றேன். அன்று முழுக்க உங்கள் பேச்சை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை பாவசங்கீர்த்தனம் முடிந்த பிறகு அந்தத் தாளை என்னிடம் கொடுத்தாள். மூன்றாவது வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் "இது அப்பாவுடையது" என்று எழுதியிருந்தாள். அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். உங்களிடமே இருக்கட்டும்.

கிளிஃபர்ட்டிடம் கடிதத்தைக் கொடுத்தேன். கோயில் வாசலில் நின்றே படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் அன்றைக்கு அப்படிப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். நேற்று பூசை முடிந்து அவராகவே வந்தார். "டிசம்பர்ல வர்றாரா உங்க வீட்டுக்காரர்? வந்தா மூணு பெட்டி புதுசா பண்ணணும். பலகை நான் கொண்டாரேன். அவரைப் பிடிச்சுக்கச் சொல்லுங்க, அறுக்கறது நான்தான்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமலேதான் சொன்னேன்.

தார் அடித்த பெட்டிகளை மாடி மூலையில் அடுக்கியிருக்கிறேன். வெயில் ஏறினால் இன்னும் நாற்றம் வருகிறது.

உயரம் கேட்டிருந்தீர்கள். எழுதப் போவதில்லை. சுவரில் அந்தக் கோடு அப்படியேதான் இருக்கிறது, சுண்ணாம்பு பூசவில்லை. டிசம்பரில் வாருங்கள். நான் கையை நீட்டிக் காட்டுகிறேன், பக்கத்தில் நீங்கள் ஒரு கோடு போடுங்கள். இரண்டும் ஒரே உயரத்தில் வருகிறதா என்று நான் பார்க்க வேண்டும்.

உங்கள் ஐரின்